விளக்கு எரியுது பாரு

அப்பு,

நீ வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து புறப்படுவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கூரியர்காரரிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். என்ன சாமான் அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்டார். கடிதம் என்றேன். கடிதம் மட்டுமா என்று மறுபடியும் கேட்டார். போனில் சொல்லியிருக்கலாம். மூன்று முறை முயன்றேன். முதல் முறை நீ ஏதோ லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாய். இரண்டாவது முறை உன் அம்மா போனைப் பிடுங்கி, சனிக்கிழமை என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டாள். மூன்றாவது முறை நீயே, "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு, சளியா?" என்றாய். ஆமாம், சளி என்றேன். இருபத்திரண்டு வருடத்துப் பொய்யை எடுத்துச் சொல்ல வந்த இடத்தில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டுப் போனை வைத்தேன். எழுத உட்கார்ந்தால்தான் எனக்குத் தைரியம் வருகிறது. அது அப்படியொன்றும் நல்ல குணம் அல்ல என்பதை இந்தக் கடிதத்திலேயே பார்ப்பாய்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை நீ படித்த பள்ளியில், விஷவாயுவைக் காட்டும் உன் கருவிக்காக உனக்குப் பாராட்டு விழா. மேடையில் நீ எப்படிப் பேச்சைத் தொடங்கப்போகிறாய் என்று போன வாரம் எனக்கு வாசித்துக் காட்டினாய். "என் அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் சவரிமுத்து என்று ஒருவர் இருந்தார். விளக்கை இறக்கிப் பார்க்காமல் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி இறந்துபோனார். அன்று அவர் கையில் ஒரு விளக்கு இருந்திருந்தால் என்று யோசித்ததில்தான் இந்த ஒளி பிறந்தது." அவருடைய மனைவி மேரியை முன்வரிசையில் உட்காரவைக்கப்போவதாகவும், நீயே போன் செய்து அழைத்துவிட்டதாகவும் சொன்னாய். நல்ல தொடக்கம். கூட்டம் அமைதியாகிக் கேட்கும். அதில் ஒரே ஒரு குறை, அப்படி நடக்கவில்லை. உனக்கு அந்தக் கதையைச் சொன்னவன் நான். அன்று விளக்கு இருந்தது. இறக்கிப் பார்த்தோம். அது எரிந்துகொண்டிருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது, உன் வேலை என்ன என்று அம்மா கேட்டது உனக்கு நினைவிருக்கும். ஒரே நிறமுள்ள லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாகத் தலைமுடி அளவுள்ள கண்ணாடி இழைக்குள் செலுத்தினால், அந்த நெருக்கத்தில் அது உடைந்து, மறுமுனையில் எல்லா நிறமுமாக வெளியே வரும், கண்ணுக்குத் தெரியாத நிறங்களும் சேர்ந்து வரும் என்றாய். அம்மா, சரி, அதை வைத்து என்ன செய்வாய் என்றாள். நீ கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாய்: "ஒவ்வொரு வாயுவுக்கும் சில வெஞ்சனந்தாம்மா பிடிக்கும். நான் இலையில கூட்டு, பொரியல்னு எல்லா வெஞ்சனமும் வச்சு அனுப்புறேன். இலை திரும்பி வந்ததும் எதெது காலியாயிருக்குன்னு பாக்குறேன். வந்துட்டுப் போனது யாருன்னு தெரிஞ்சுரும்."

"ஒரே ஒரு வெஞ்சனம் வச்சா?"

"அதத் திங்கிறவன் வந்தா மட்டுந்தான் தெரியும். மத்தவன் வந்ததே தெரியாது."

"அதான, எங்கண்ணன் வீட்டுக் கல்யாணத்துல ரசத்த மட்டும் ஊத்துனாங்க. இன்னைக்கு வரைக்கும் யார் வந்தா, யார் வரலன்னு தகராறு" என்றாள் உன் அம்மா. நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் எழுந்து வெளியே போனேன். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். என் கையில் போன் இல்லை என்பதை நீ கவனித்தாயா என்று தெரியாது. அதுவரை எனக்கே அந்த நாளை அவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. எங்கள் அரிக்கேன் விளக்கு ஒரே வெஞ்சனப் பந்தி. காற்றில் பிராணவாயு இல்லையென்றால் அணையும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. தோல் கழிவிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை வாயு, ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கை ஒன்றும் செய்யாது.

இது எனக்குத் தெரியாமல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்து, அந்த ஷாப்பில் ஆட்களை மேற்பார்த்தவன். அந்த வாயுவின் மணம் யாது என்று பரீட்சையில் கேட்டார்கள். அழுகிய முட்டை என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். புத்தகத்தில் அதற்கு அடுத்த வரி, அதை முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும், பிறகு நாற்றம் தெரியாது என்பது. அந்த வரியிலிருந்து கேள்வி வராததால், அதை மறப்பதற்கு எனக்கு உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். மறுநாள் தொட்டியைப் பார்வையிட அதிகாரிகள் வருவதாக இருந்தது. நம் ஊரில் தொட்டிகள் அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள்தான் அடைத்துக்கொள்ளும். மோட்டார் சேற்றை இழுக்கவில்லை. யாராவது உள்ளே இறங்கிக் குழாய் வாயிலுள்ள அடைப்பை விலக்க வேண்டும். யாராவது என்றால் சவரிமுத்து. இப்போது உனக்கு எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன். அன்று அவன்தான். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நான் அவரை "ஏலே சவரி" என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்றார். நமக்கும் அவருக்கும் ஒரே கோயில், ஒரே பூசை. தெரு மட்டும் வேறு. திருவிழாத் தேர் அந்தத் தெருமுனை வரை போய், வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் திரும்பிவிடும். தொட்டிக்குள் இறங்க எந்தத் தெருவிலிருந்து ஆள் வரும் என்று எங்கள் ஷாப்பில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

கிணறு தூர்வாருகிறவர்கள் செய்வதுபோல, அரிக்கேனைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டோம். அது எங்கள் ஷாப்பில் வழக்கம். வழக்கம் என்று சொன்னாலே அதில் ஒரு விஞ்ஞானம் இருப்பதுபோல் தோன்றிவிடும். விளக்கு அடி வரை போனது. ஆடாமல் எரிந்தது. மூடியைத் திறந்து ஒரு மணி நேரமாக நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். சவரிமுத்து குனிந்து மோந்து பார்த்தார். "நாத்தம் போயிருச்சு சார்" என்றார். எனக்கும் தெரியவில்லை. போனது நாற்றம் அல்ல, எங்கள் மூக்கு. ஆனாலும் அவருக்கு மனசு வரவில்லை. நாற்றம் சட்டென்று போனதே அவருக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். அவர் எந்தப் பரீட்சையும் எழுதியவர் அல்ல.

"சார், செத்த நேரம் போகட்டும். வெயில் தாழ இறங்குறேன்."

"வெயில் தாழ எதுக்கு? உள்ள வெயிலா அடிக்குது?"

"இல்ல சார், மனசுக்கு என்னமோ போல இருக்கு."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். என்னுடைய வாய்த்துடுக்கை நம் உறவினர்கள் பெருமையாகப் பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியும். "விளக்கு எரியுது பாரு. ஒன்னயவிட அதுக்கு விவரம் இருக்கு. அது இறங்கிருச்சு, நீ நிக்கிறே" என்றேன். பக்கத்தில் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர், "அண்ணே, வேணும்னா விளக்குக்கே சம்பளத்தக் குடுக்கச் சொல்லுவோம்" என்றார். சவரிமுத்துவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி மடித்து, மதில்மேல் வைத்துவிட்டு இறங்கினார். ஆறாவது படியில் கை நழுவியது. சத்தம்கூட இல்லை. விளக்கு அவருக்குப் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது, அவரை நாங்கள் நன்றாகப் பார்ப்பதற்கு வசதியாக.

சிரித்த மூவரில் ஒருவர் உடனே இறங்கப் பாய்ந்தார். நான் அவர் இடுப்பைக் கட்டி இழுத்தேன். "விஷ கேஸுடா, இறங்காதே, நீயும் போயிருவே" என்று கத்தினேன். எனக்கு அதை அந்த நிமிடத்தில் யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் மண்டைக்குள் இருந்தது. ஒரு ஆளைக் காப்பாற்றினேன் என்று பிறகு என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுத்தான் எனக்கு எதிரான முதல் சாட்சி. அதை யாரும் அப்படி வாசிக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்து அவரை வெளியே எடுத்த பிறகு, கயிற்றை இழுத்து அரிக்கேனை மேலே கொண்டுவந்தேன். அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைத்தவன் நான்தான். ஸ்டோர் ரூமில் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் முதலாளி, "நீங்க நல்லா எழுதுவீங்க, ஸ்டேஷனுக்கு ரெண்டு வரி எழுதிருங்க" என்றார். நல்லா எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை, ஆனால் அன்று அது எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை. "எவ்வித முன்னெச்சரிக்கையும் மேற்கொள்ளாமல், தன்னிச்சையாக இறங்கினார்" என்று எழுதினேன். பிழை இல்லை, அடித்தல் இல்லை. அந்த வாக்கியத்தை இத்தனை வருடங்களில் பலமுறை மனதுக்குள் திருத்திப் பார்த்திருக்கிறேன். "தன்னிச்சையாக" என்ற ஒரு சொல்லுக்குள் நான், முதலாளி, மறுநாள் வரவிருந்த அதிகாரிகள், தேர் திரும்பும் தெருமுனை எல்லோரும் நுழைந்து மறைந்துகொள்ள இடம் இருந்தது. இன்னொன்றும் பார். "இறங்கினார்" என்று எழுதியிருக்கிறேன். நான் அவருக்குக் கொடுத்த முதல் மரியாதை அந்த விகுதிதான். மற்ற மூவரையும் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார்கள். "சார் எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். வடமதுரைப் பக்கத்துக்காரர்கள். அடுத்த வாரம் மூவரும் வேலைக்கு வரவில்லை, பிறகு வரவே இல்லை.

நான் குடி என்று எழுதவில்லை. அதை நான் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நல்ல நிதானத்தில் இருக்கிற மனிதன் எதற்காகத் தன்னிச்சையாக ஒரு விஷத் தொட்டிக்குள் இறங்குவான் என்று ஊர் யோசித்தது. யோசித்துக் குடிதான் என்று முடிவு கட்டியது. நான் ஒரு இடத்தைக் காலியாக விட்டேன், ஊர் நிரப்பியது. அடக்கத்தின்போதே இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மரியாதைக்காகப் பேச்சை நிறுத்தினார்கள்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. "சவரி மாமா ஏன்ப்பா செத்துப்போனாங்க?" என்று கேட்டாய். விளக்கை இறக்கிப் பார்க்காமல் இறங்கிவிட்டார் என்றேன். நீ, "அவங்ககிட்ட விளக்கு இல்லையாப்பா?" என்றாய். இல்லை என்றேன். உன் வாழ்க்கை அந்த "இல்லை"யின்மேல் நிற்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு நீ இயற்பியல் படிக்கப்போகிறேன் என்று வந்து நின்றபோது, "படி, படி, விளக்குப் போட்டு வேலை தேடலாம்" என்றேன். நீ சிரித்தாய். உனக்கு வலித்தது என்று இரண்டு நாள் கழித்து அம்மா சொன்னாள். சிரித்தானே என்றேன். என்னுடைய பெரிய தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டால் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வது. மேலே இருந்து ஒருவன் கேலி செய்தால் கீழே இருப்பவனுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. நாளைக்கு உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்வார்கள். என் வாய் உனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. பார்த்துக்கொள்.

இன்னொன்று, உன் கருவியைப் பற்றி. நான் சொல்லக்கூடாதுதான், இந்த விஷயத்தில் என் தகுதி உனக்கு இப்போது தெரியும். இழையைத் தொட்டிக்குள் இறக்கினால், மேலே இருக்கும் பெட்டியில், வாயு இருந்தால் சிவப்பும் இல்லையென்றால் பச்சையும் எரியும் என்றாய். சிவப்பை வைத்துக்கொள். பச்சையை எடுத்துவிடு. உன் ஒளி என் அரிக்கேனைவிட ஆயிரம் மடங்கு விவரமானது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் பயமாக இருக்கிறது. என் அரிக்கேனை நம்பாமல் சவரிமுத்து கொஞ்ச நேரமாவது தயங்கினார். உன் பெட்டியைப் பார்த்து யாரும் தயங்க மாட்டார்கள். ஏதோ ஒரு மேனேஜர், என்னைப்போல் நன்றாகப் பேசக்கூடியவன், "பச்சை எரியுது பாரு, இறங்கு" என்பான். சேற்றைக் காலால் கலக்கியதும் அடியில் தங்கியிருக்கும் வாயு கிளம்பும். அது பச்சை எரிந்து முடிந்த பிறகு நடக்கும். இறங்காதே என்று சொல்வதற்கு ஒரு கருவி போதும். இறங்கு என்று சொல்வதற்கு எந்தக் கருவியும் போதாது. வாயு இல்லாத நாளிலும் அந்தச் சேற்றுக்குள் ஒரு மனிதன் இறங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்ற கேள்விக்கு உன் ஒளியில் நிறம் இல்லை. அதை நீ மேடையில் சொன்னால் கைதட்டல் குறையும். குறையட்டும்.

நேற்று மதியம் மேரி வீட்டுக்குப் போனேன். சத்துணவுக் கூடத்தில் சமையல் முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அந்தத் தெருவுக்குள் நான் அடக்கத்துக்குப் பிறகு போனதில்லை. வாசலில் நின்று அவரை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். அவரே பார்த்துவிட்டார்.

"வாங்க சார். தம்பி போன் பண்ணுச்சு. மொத வரிசையாம்ல எனக்கு! புதுச் சேலையே எடுத்து வச்சுட்டேன்."

"மேரி, நீங்க செத்த உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"என்ன சார், புதுசா நீங்க நாங்கன்னுக்கிட்டு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சொன்னேன். உனக்கு மேலே எழுதியிருப்பதைத்தான் சொன்னேன், இவ்வளவு ஒழுங்காக வரவில்லை.  முடித்த பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"விளக்கு இறக்குனீங்களா?"

"இறக்குனோம்."

"எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு."

"அத அவரு பாத்தாரா?"

"பாத்தார். பாத்துட்டும் வேண்டாம்னுதான் சொன்னார்."

"குடிச்சிருந்தாரா சார்?"

"இல்ல. காலையில என் முன்னால நின்னு டீ குடிச்சார். வேற ஒண்ணும் குடிக்கல."

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்திருக்கும். "அம்புட்டுப் பேரும் சொன்னாங்க. கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டேன் சார். எம் மகளப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, அப்பன் குடிச்சுட்டு விழுந்து செத்தவருன்னு நானே சொன்னேன். பின்னால யாரும் குத்திக் காட்டக் கூடாதுன்னு, நானே எவ்வாயால சொன்னேன்" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் இப்ப வேணாம். இத எங்கிட்ட இறக்கி வச்சுட்டு நீங்க வீட்டுக்குப் போயித் தூங்கிருவீங்க. நான் இத வச்சுக்கிட்டு எங்க போக? யார்ட்டச் சொன்னாலும், புருசன் பேரக் காப்பாத்த இவளா சொல்றாம்பாங்க. சனிக்கெழம மைக்குல சொல்லுங்க. அதுக்குத்தான் இப்ப அந்தச் சேலையக் கட்டிட்டு வாரேன்" என்றார். டீ போடவா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

உன் அம்மாவிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை மேரியின் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் இதை உனக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று நீ யோசிக்க வேண்டியதில்லை. அந்தக் கதவை நானே சாத்திவிட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

உன் பேச்சின் முதல் வாக்கியத்தை மட்டும் மாற்று. "விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வேண்டாம் என்றவரை என் அப்பா இறங்கு என்றார்" என்று தொடங்கு. அதற்குப் பிறகு மைக்கை என்னிடம் கொடு. உன் பாராட்டு விழா கெட்டுப்போகும். மாலையோடு நீ அங்கே நிற்க வேண்டியிருக்கும். அதற்கு நான் உனக்குச் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஊரில் பேசுவார்கள். பெரிய மனுஷன், யாரும் கேட்காமல் தானாகவே வந்து உண்மையைச் சொன்னார் என்று எனக்குப் பரிந்துகொண்டு யாராவது கட்டாயம் சொல்வார்கள். நீ அதை விடாதே. மேரி சொன்னதால்தான் மேடை ஏறினேன். இறங்கு என்று சொன்னதால் அவர் இறங்கினார், ஏறு என்று சொன்னதால் நான் ஏறுகிறேன். தன்னிச்சையாக என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்திலும் யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்.

அப்பா